ஜெனரேட்டரில் ஓடும் கேரவன்: மின்சாரம் வந்த பிறகும் ஏசியும் சார்ஜரும் ஏன் மறுக்கின்றன?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் படப்பிடிப்பு நடக்கும் நாட்களிலும், தேர்தல் பிரசாரக் காலத்திலும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டியும், படுக்கை, குளியலறை, ஏசி, சமையல் மேடை ஆகியவற்றோடு கட்டப்பட்ட கேரவன் வண்டிகளைக் காவிரி டெல்டாவின் சாலையோரங்களில் காண முடிகிறது. வயலுக்கு நடுவிலோ, கடற்கரைத் திடலிலோ, ஆற்றங்கரைத் தோப்பிலோ நிற்கும் வண்டிக்கு மின்வாரிய இணைப்பு கிடைப்பது அரிது என்பதால், வண்டியோடு பொருத்தப்பட்ட ஜெனரேட்டரோ உள்ளூரில் வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரோதான் அதற்குத் துணை.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் விளக்குகள் எரிகின்றன, மின்விசிறி சுழல்கிறது. ஆனால் ஏசி கிளம்பும்போது வண்டி முழுவதும் ஒரு கணம் இருள்கிறது. வண்டிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்பதும் விடுவதுமாக அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று ஒலிக்கிறது. பேட்டரி இரவு முழுவதும் சார்ஜ் போட்டும் நிறையவில்லை. வண்டியின் உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறது. இவற்றைச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஜெனரேட்டர் லோடு தாங்கவில்லை, பெரியதாகக் கொண்டு வாருங்கள்" என்பதே. அந்தப் பதில் சில வேளைகளில் சரி. பல வேளைகளில் அது வாடகையையும் டீசல் செலவையும் உயர்த்திவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவிடும். கோளாறு மின்சாரத்தின் அளவில் இருக்கிறதா, தரத்தில் இருக்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது.

மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் எங்கே வேறுபடுகின்றன

தெருவிலிருக்கும் 100 கேவிஏ (மின்திறனைக் குறிக்கும் அலகு) டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நாடு தழுவிய மின்கட்டமைப்பு முழுவதும் நிற்கிறது. ஒரு வீட்டில் ஏசி கிளம்புவதை அந்தக் கட்டமைப்பு உணர்வதே இல்லை. டிரான்ஸ்பார்மரின் உள் மின்தடுப்பு, அதாவது மின்னோட்டத்தை அது உள்ளேயே தடுக்கும் அளவு, மிகச் சிறியது; 4.5 விழுக்காடு என்று கொண்டால் ஒரு ஃபேஸுக்கு 0.07 ஓம் அளவில் வரும். அதே கணக்கை 5 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டருக்குப் போட்டுப் பார்த்தால், திடீர்ச் சுமையின்போது அதன் உள் தடுப்பு 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 1.6 ஓம் வருகிறது. அதாவது இருபது மடங்குக்கும் மேல்.

இந்த ஒரு எண்ணிலிருந்தே மற்ற எல்லாம் பின்தொடர்கின்றன. மின்வாரிய இணைப்பில் மின்னழுத்தம், அலைவெண், அலைவடிவம் ஆகியவற்றை வண்டியின் சாதனங்கள் மாற்ற முடியாது. ஜெனரேட்டரில் அவை மூன்றையும் வண்டியின் சாதனங்களே பெருமளவு தீர்மானிக்கின்றன. ஆகவே "ஜெனரேட்டர் நல்லதா, கெட்டதா" என்று தனியே கேட்பதில் பயனில்லை. இந்தச் சுமையோடு, இந்தக் கேபிளின் மறுமுனையில், அது எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

தரம் என்பதற்குள் அடங்குபவை

1. மின்னழுத்தம். நம் நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பின் பெயரளவு 230 வோல்ட். 207 முதல் 253 வோல்ட் வரையிலான எல்லைக்குள் பெரும்பாலான சாதனங்கள் சிக்கலின்றி இயங்கும். ஜெனரேட்டரில் இதைப் பிடித்து வைப்பது ஏவிஆர் எனப்படும் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி. மலிவான சிறு ஜெனரேட்டர்கள் சிலவற்றில் ஏவிஆர் இருக்காது. ஒரு கெப்பாசிட்டரே அந்த வேலையை அரைகுறையாகச் செய்யும்.

2. அலைவெண். நொடிக்கு 50 அலைகள், அதாவது 50 ஹெர்ட்ஸ். இது இன்ஜினின் வேகத்தை நேரடியாகச் சார்ந்தது: மின்சாரத்தை உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் இரு துருவ வகையானால் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளும், நான்கு துருவ வகையானால் 1500 சுற்றுகளும் சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். வேகத்தைப் பிடிப்பது கவர்னர். இயந்திர வகைக் கவர்னர், சுமை ஏற ஏற வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கும் இயல்புடையது. அதனால் சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, முழுச் சுமையில் 50க்கு இறங்கும்படி அமைப்பார்கள். சுமையின்றி ஓடும் ஜெனரேட்டரில் 52 ஹெர்ட்ஸைப் பார்த்துப் பதறி, அதைத் திருகி 50க்குக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிக் குறைத்தால் சுமை ஏறியதும் அது 48க்கு இறங்கிவிடும்.

3. அலைவடிவம். மின்னழுத்தம் சீரான சைன் அலையாக ஏறி இறங்க வேண்டும். 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். அந்த வடிவம் கெட்டு, உச்சி தட்டையாகியோ பற்கள் முளைத்தோ இருந்தால் அதைத் திரிபு என்கிறோம். 50 ஹெர்ட்ஸின் மடங்குகளான 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகள் கலந்திருப்பதன் விளைவு அது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், தான் உற்பத்தி செய்ததை முதலில் நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு மின்னணுச் சுற்றின் மூலம் புதிதாக 50 ஹெர்ட்ஸ் அலையை உருவாக்குவதால், அதன் வடிவமும் அலைவெண்ணும் இன்ஜின் வேகத்தைச் சாராமல் சுத்தமாக இருக்கும்.

4. நியூட்ரலும் எர்த்தும். இது அலையின் தரத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் உயிரைக் காப்பது இதுவே என்பதால் தனியே பின்னர் பார்ப்போம்.

ஏசி கிளம்பும் கணத்தில் நடப்பது

இன்வெர்ட்டர் தொழில்நுட்பம் இல்லாத 1.5 டன் ஏசி ஓடும்போது ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். அதன் கம்ப்ரஸர் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் இழுப்பது 40 ஆம்பியர் அளவில் இருக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டரின் முழுத் திறனே 22 ஆம்பியர்தான். ஓடும் சுமையைக் கூட்டிப் பார்த்துவிட்டு "5 கேவிஏ போதும்" என்று முடிவு செய்தவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்காகப் பார்ப்போம். தெரு டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இதே ஏசி கிளம்பினால் மின்னழுத்தம் இரண்டு மூன்று வோல்ட்தான் தாழும். மேலே சொன்ன 1.6 ஓம் தடுப்புள்ள ஜெனரேட்டரில் அது 185 வோல்ட் அளவுக்கு விழும். இப்போது ஜெனரேட்டரின் சத்தம் கேட்கக் கூடாது என்று அதை 50 மீட்டர் தள்ளி நிறுத்தி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை இழுத்திருந்தால், போகவரத்தாக 100 மீட்டர் கம்பியின் மின்தடை 1.3 ஓம் சேர்ந்துவிடும். வண்டியின் உள்ளே கிடைப்பது 170 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். மோட்டாரின் சுழல்விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், 170 வோல்ட்டில் கம்ப்ரஸருக்குக் கிடைப்பது இயல்பான தொடக்க விசையில் ஏறக்குறைய பாதிதான். அது சுழலாமல் உறுமும். மின்னோட்டம் குறையாமல் நீடிக்கும். வெப்பப் பாதுகாப்புக் கருவி அதை நிறுத்தும். சில நிமிடங்களில் மீண்டும் முயலும். ஒவ்வொரு முயற்சியிலும் கம்ப்ரஸரின் சுருள் சூடாகிறது.

கேபிளின் பங்கைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்தாலும் கடைமடைக்கு எவ்வளவு சேர்கிறது என்பதை வாய்க்காலின் நிலைதான் முடிவு செய்கிறது என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெனரேட்டர் பலகையில் தெரியும் 230 வோல்ட்டுக்கும் வண்டியின் பிளக்கில் கிடைப்பதற்கும் உள்ள உறவும் அத்தகையதே. அதே 50 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் மின்தடை 0.5 ஓமாகக் குறைகிறது. 40 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 53 வோல்ட்டை விழுங்கிய கேபிள் இப்போது 20 வோல்ட்டைத்தான் விழுங்கும். பெரிய ஜெனரேட்டர் கொண்டுவருவதைவிடத் தடித்த கேபிள் கொண்டுவருவது மலிவு. கேபிள் சுருளைப் பிரிக்காமல் வட்டமாகவே விட்டு உபயோகிக்கவும் கூடாது. வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகிவிடும்.

இதோடு அலைவெண்ணும் கூடவே தாழ்கிறது. திடீர்ச் சுமையால் இன்ஜின் வேகம் குறையும்போது, இன்ஜின் திணறி நின்றுவிடாமல் இருக்க, பெரும்பாலான ஏவிஆர்கள் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே மின்னழுத்தத்தையும் வேண்டுமென்றே குறைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. எனவே ஏசி கிளம்பும்போது மின்னழுத்தம் விழுவதைக் கண்டு ஏவிஆர் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதே கணத்தில் அலைவெண் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அலைவெண்ணும் சேர்ந்து விழுந்தால் குறை இன்ஜின் பக்கம்: அடைத்த டீசல் ஃபில்டர், டீசலில் கலந்த தண்ணீர், குழாயில் புகுந்த காற்று, தேய்ந்த கவர்னர் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. அலைவெண் நிலையாக நின்று மின்னழுத்தம் மட்டும் விழுந்தால் ஏவிஆர், ஆல்டர்னேட்டர், கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வகை ஏசி மெதுவாக வேகமெடுப்பதால் இந்தத் தொடக்கப் பாய்ச்சல் அதில் கிடையாது. கேரவனுக்குப் புதிதாக ஏசி வாங்குபவர் இந்தக் காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேட்டரி ஏன் நிறையவில்லை

விளங்கிக்கொள்ளக் கடினமான பகுதி இது; மீட்டரில் 230 வோல்ட் சரியாகக் காட்டும்போதே இக்கோளாறு நிகழும்.

எளிய வகை பேட்டரி சார்ஜர், மின் அலை முழுவதிலும் மின்னோட்டத்தை இழுப்பதில்லை. அலையின் உச்சியில், மிகக் குறுகிய நேரத்தில், ஒரே பாய்ச்சலாக இழுக்கிறது. அந்தப் பாய்ச்சல் ஜெனரேட்டரின் பெரிய உள் தடுப்பின் வழியே வரும்போது உச்சி மட்டும் நசுங்கித் தட்டையாகிறது. சராசரியை வைத்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் ஏவிஆர், 230 வந்துவிட்டது என்று திருப்தி அடைகிறது. ஆனால் 325 வோல்ட் இருக்க வேண்டிய உச்சி 290 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. சார்ஜர் நம்பியிருப்பது உச்சியை. உச்சி தாழ்ந்ததும் பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் சுருங்கிவிடுகிறது. டிரான்ஸ்பார்மர் வைத்த மைக்ரோவேவ் அடுப்பு ஜெனரேட்டரில் மெதுவாகச் சூடாக்குவதற்கும் இதுவே காரணம்.

இதைச் சாதாரண மீட்டர் காட்டிக்கொடுக்காது. மலிவான மல்டிமீட்டர், அலை சைன் வடிவில் இருக்கிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, சராசரியை 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். வடிவம் கெட்டால் அந்த எண்ணும் கெடும். முழுச் சதுர அலையைக் கொடுத்தால் 11 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். அலை எந்த வடிவில் இருந்தாலும் உண்மை மதிப்பைக் காட்டும் 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று குறிக்கப்பட்ட, அலைவெண்ணையும் உச்சியையும் காட்டக்கூடிய மீட்டர் கையில் இருப்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு அவசியம்.

தீர்வு பெரும்பாலும் ஜெனரேட்டரில் இல்லை, சார்ஜரின் அமைப்பில் இருக்கிறது. சார்ஜ் மின்னோட்டத்தின் மேல் வரம்பைக் குறைத்தால் உச்சி நசுங்குவது குறைகிறது. பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியருக்கு அமைத்துத் தடுமாறிய சார்ஜர், 40க்குக் குறைத்ததும் தடையின்றி ஓடி, இரவு முடிவில் கூடுதலாக நிரப்பியிருப்பது சாத்தியமே. மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று உள்ள சார்ஜர், அலை முழுவதிலும் சீராக இழுப்பதால் இந்தச் சிக்கலையே உண்டாக்காது.

இன்வெர்ட்டர் 'டக் டக்' என்று மாறிக்கொண்டே இருப்பதும் இதன் உடன்பிறப்பு. ஜெனரேட்டர் சுமையின்றி ஓடும்போது அதன் மின்சாரம் நன்றாக இருப்பதைக் கண்டு இன்வெர்ட்டர் அதை ஏற்கிறது. ஏற்றதும் சார்ஜரும் வண்டியின் சுமையும் சேர்ந்து ஏறுகின்றன. மின்னழுத்தமோ அலைவெண்ணோ எல்லைக்கு வெளியே போகிறது; இன்வெர்ட்டர் விட்டுவிடுகிறது. சுமை போனதும் ஜெனரேட்டர் மீண்டும் நன்றாகிவிடுகிறது. சில நொடிகள் பார்த்துவிட்டு இன்வெர்ட்டர் மறுபடியும் ஏற்கிறது. இரண்டு கருவிகளிலும் பழுது இல்லாமலே இந்தச் சுழற்சி நாள் முழுவதும் நடக்கும். நம் ஊர் இன்வெர்ட்டர்களில் உள்ள 'யூபிஎஸ்' நிலை, ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரை மட்டுமே ஏற்கும். 'நார்மல்' நிலை அதைவிட அகன்ற எல்லையை ஏற்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது நார்மல் நிலைக்கு மாற்றிச் சார்ஜ் மின்னோட்டத்தையும் குறைத்துப் பார்த்த பிறகே வேறு எதையும் மாற்ற வேண்டும்.

விளக்கு துடிப்பது

கோயில் திருவிழாப் பந்தலில் மெதுவேக ஆயில் இன்ஜினோடு பெல்ட் போட்டு ஓட்டும் ஆல்டர்னேட்டரின் வெளிச்சம் லேசாகத் துடிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல் உந்தும். 1500 சுற்று ஓடுவது 12.5 முறை உந்தும். உந்தலுக்கும் உந்தலுக்கும் இடையில் வேகம் சிறிது தாழ்கிறது, மின்னழுத்தமும் தாழ்கிறது. நொடிக்கு ஒன்பது முறை அளவிலான துடிப்பைத்தான் மனிதக் கண் மிக நன்றாக உணரும் என்பதால், அதை ஒட்டிய இந்தத் துடிப்புகள் தலைவலி தரும் அளவுக்கு உறுத்துகின்றன. இதை எந்தத் திருகாணியும் சரிசெய்யாது. இரண்டு அல்லது மூன்று சிலிண்டர் இன்ஜினோ இன்வெர்ட்டர் வகையோ வேண்டும், அல்லது விளக்குகளை வண்டியின் பேட்டரியிலிருந்து எரிக்க வேண்டும்.

மாறாக, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை வெளிச்சம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கினால், அது கவர்னரோ எரிபொருள் வழியோ தடுமாறுவதன் அடையாளம். அது பழுது, சரிசெய்யக்கூடியது.

நியூட்ரல், எர்த்: அலட்சியத்துக்கு இடமில்லாத பகுதி

வீட்டு இணைப்பில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரல், டிரான்ஸ்பார்மர் அருகே மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஃபேஸ் கம்பி ஒரு சாதனத்தின் உடம்பைத் தொட்டால் மின்னோட்டம் எர்த் வழியே திரும்பும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எனப்படும் கசிவுத் துண்டிப்பான் அதைக் கண்டு உடனே துண்டிக்கும். கையில் தூக்கிச் செல்லும் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் இணைக்கப்படாமல் மிதக்கிறது. அந்த நிலையில் ஃபேஸ் கம்பி வண்டியின் உடம்பைத் தொட்டாலும் திரும்பும் வழி இல்லாததால் ஆர்சிசிபி அசையாது. முதல் பழுது யாருக்கும் தெரியாமல் உறங்கும். இரண்டாவது பழுது ஆளைத் தாக்கும்.

இதன் அடையாளங்கள் எளியவை. டெஸ்டரை வைத்தால் இரண்டு கம்பிகளிலுமே வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு கம்பிக்கும் வண்டி உடம்புக்கும் இடையே 115 வோல்ட்டை ஒட்டி மீட்டர் காட்டும். எர்த் இல்லாத வண்டியில், எர்த் முனை உள்ள சாதனங்களின் உள்ளேயுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக உடம்புக்கு அந்தப் பாதி மின்னழுத்தம் வருவதால்தான், வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடுபவருக்குச் சுருக்கென்கிறது. வெளிநாட்டு வண்டிகளில் பொருத்தப்படும் பாதுகாப்புக் கருவிகள் சில, இந்த நிலையைக் கண்டால் மின்சாரத்தை உள்ளேயே விடாது. அப்போது அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது மிகத் தவறான செயல்.

செய்ய வேண்டியது, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஜெனரேட்டரிடத்தில், ஒரே ஓர் இடத்தில், நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பதும், ஜெனரேட்டரின் உடம்புக்கும் வண்டியின் உடம்புக்கும் எர்த் கம்பி தொடர்வதை உறுதி செய்வதும் ஆகும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3043 எர்த்திங் முறைகளை விரிவாகச் சொல்கிறது. டெல்டாவின் ஈரக் களிமண்ணில் எர்த் எளிதில் நன்றாக அமையும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக் காய்ந்த மணலில் அதே கம்பியை அதே ஆழத்துக்கு அடித்து நிம்மதியாக இருக்க முடியாது.

படப்பிடிப்புத் தளங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே வருவது மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர். ஒவ்வொரு கேரவனையும் ஒவ்வொரு ஃபேஸில் மாட்டுவார்கள். பொது நியூட்ரல் இணைப்பு தளர்ந்து அறுந்தால், இரண்டு வண்டிகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒன்றில் ஏசியும் ஹீட்டருமாக 3 கிலோவாட்டும், மற்றொன்றில் விளக்கும் டிவியுமாக அரை கிலோவாட்டும் ஓடிக்கொண்டிருந்தால், முதல் வண்டிக்கு 57 வோல்ட்டும் இரண்டாவதற்கு 343 வோல்ட்டும் போகும். குறைவாக உபயோகிப்பவரின் சாதனங்களே எரியும். ஒரு வண்டியில் விளக்கு மங்கும் அதே நேரத்தில் பக்கத்து வண்டியில் பிரகாசமானால், ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஜெனரேட்டரை அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது

வரிசை முக்கியம். மேலே உள்ள படி சரியாக இல்லாமல் கீழே உள்ளதை அளந்தால் தவறான முடிவு கிடைக்கும்.

1. சுமையின்றி, ஜெனரேட்டர் பலகையிலேயே மின்னழுத்தமும் அலைவெண்ணும் அளக்கவும். இயந்திரக் கவர்னர் என்றால் 51.5 முதல் 52.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். மின்னணுக் கவர்னர் என்றால் 50ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

2. நியூட்ரல், எர்த் நிலையைப் பார்க்கவும். இது முடியாமல் வண்டியை இணைக்க வேண்டாம்.

3. ஹீட்டர் அல்லது இஸ்திரிப் பெட்டி போன்ற வெறும் மின்தடைச் சுமையை மட்டும் ஏற்றி மீண்டும் அளக்கவும். இதில் மின்னழுத்தமும் அலைவெண்ணும் நிலையாக இருந்தால் இன்ஜினும் ஏவிஆரும் அடிப்படையில் நலம். தடுமாற்றம் இங்கேயே தெரிந்தால் வண்டியைக் குறை சொல்லப் பயனில்லை.

4. அதே சுமையில் கேபிளின் இரு முனைகளிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்கவும். ஓடும் சுமையில் 10 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் கேபிளையோ பிளக்கையோ மாற்ற வேண்டும். பிளக் கையில் சூடாக உணரப்பட்டால் குறை அங்கேதான்.

5. வண்டியின் சாதனங்களை ஒவ்வொன்றாக ஏற்றவும்: முதலில் ஏசி தனியே, அது நிலைபெற்ற பிறகு சார்ஜர், அதன் பிறகு மற்றவை. எந்தச் சாதனம் ஏறியதும் சிக்கல் தொடங்குகிறது என்பதே விடையில் பாதியைத் தந்துவிடும். ஏசியை நிறுத்தினால் மூன்று நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும்; உள்ளழுத்தம் சமநிலைக்கு வராமல் கம்ப்ரஸர் கிளம்பாது.

6. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜரோ இன்வெர்ட்டரோ மறுத்தால், அலையின் உச்சியை அளக்கவும், அல்லது அலைவடிவத்தைப் பார்க்கவும். அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை 230 வோல்ட்டில் நேராக மாட்டக் கூடாது. கருவியை அந்த மின்னழுத்தத்திலிருந்து பிரித்து வைக்கும், அதற்கென்ற புரோப் தேவை.

ஸ்டெபிலைசர் வைத்தால் தீருமா

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டெபிலைசர் மின்னழுத்தத்தை மட்டுமே திருத்தும். அலைவெண்ணையோ அலைவடிவத்தையோ அது தொடுவதில்லை. மின்வாரிய இணைப்பின் 'லோ வோல்டேஜ்' நிலைக்கு அது நல்ல மருந்து. ஜெனரேட்டரில் ஏற்கெனவே ஏவிஆர் ஒரு பக்கம் திருத்திக்கொண்டிருக்க, ரிலே வகை ஸ்டெபிலைசர் மறுபக்கம் படிப்படியாகத் தாவும்போது, ஒன்றன் திருத்தத்தை மற்றொன்று பழுதாகக் கண்டு இரண்டும் மாறி மாறி அலையும். தவிர, மின்னழுத்தம் தாழும்போது ஸ்டெபிலைசர் அதை உயர்த்துவதற்காக ஜெனரேட்டரிடம் கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கிறது. திணறும் இன்ஜின் மேலும் திணறும். கேபிளைத் தடிப்பாக்கி, சார்ஜரைக் குறைத்து, சுமையை வரிசைப்படுத்திய பிறகும் குறை இருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

கடற்காற்று, மழை, புயல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பல வாரங்கள் ஓடாமல் கிடந்த ஆல்டர்னேட்டரின் சுருளில் ஈரம் ஏறியிருக்கும். சுருளின் மின்காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரில் காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடற்கரையில் உப்புக் காற்று பிளக்கின் பித்தளைக் கால்களில் பூஞ்சணம் போலப் படிந்து மின்தடையை உயர்த்துகிறது. மேலே சொன்ன சூடான பிளக் பெரும்பாலும் அதன் விளைவு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் ஜெனரேட்டரை நம்பியே இருந்தன. அத்தகைய நாட்களில் கேரவனுக்கோ வீட்டுக்கோ ஜெனரேட்டரை இணைப்பவர், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக் வழியே மின்சாரத்தை ஏற்றக் கூடாது. அது தெரு டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கிப் புகுந்து 11,000 வோல்ட்டாக உயர்ந்து, செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைக் கொன்றுவிடும்.

புகையும் குறைந்த சுமையும்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் உறங்கிய இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். ஜெனரேட்டரை, காற்று வண்டியிலிருந்து அதை நோக்கி வீசும் பக்கத்தில், ஜன்னலிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். கேபிள் நீளும் என்பதால் அதைத் தடித்ததாக வாங்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பெரிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இரவெல்லாம் இரண்டு விளக்குக்காக ஓட்டுவதும் இன்ஜினுக்கு நல்லதன்று. திறனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜின் போதிய அளவு சூடாகாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் கருப்பு எண்ணெயாக ஒழுகும், நாளடைவில் திறனும் குறையும். 62.5 கேவிஏ ஜெனரேட்டருக்குத் தனியொரு கேரவன் ஒருபோதும் போதிய சுமை ஆகாது. பகலில் பெரிய ஜெனரேட்டரில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, இரவில் விளக்கையும் மின்விசிறியையும் பேட்டரியில் ஓட்டி, ஏசி தேவைப்படும் மணிநேரங்களுக்கு மட்டும் சிறிய இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரை இயக்குவது மேலான ஏற்பாடு.

வாடகைக்கு எடுப்பவர் கேவிஏ எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏவிஆர் உண்டா, கவர்னர் இயந்திர வகையா மின்னணு வகையா, எத்தனை சிலிண்டர், நியூட்ரல் மிதக்கிறதா எர்த்தோடு இணைந்திருக்கிறதா, கூட வரும் கேபிளின் தடிமன் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் உரிமையாளருக்கும் வண்டியின் மிகப்பெரிய மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தையும், சார்ஜரின் ஆம்பியர் வரம்பையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவை இரண்டும் தெரியாமல் எவராலும் சரியான ஜெனரேட்டரை அனுப்ப முடியாது.